எட்டாம் நாள் காணாமல்போன முட்டைகள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கசிப்புக் காய்ச்சியவன் அல்லன். எந்தக் காலத்திலும், எந்த அறையிலும், எந்தப் போத்தலிலும் கள்ளச் சாராயம் வடித்ததில்லை. எங்கள் ஊரான கோப்பாயில் இதை இன்னமும் நம்பாதவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பால் கொண்டுவருபவர். (காலையில் வெறும் போத்தலைக் கையில் கொடுத்தால் ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுத்தான் பாலை ஊற்றுவார். பகிடிக்குத்தான் என்கிறார். ஆறு வருடமாகவா பகிடி?)

உண்மையில் நான் செய்தது, கடல்மீனை வீட்டுத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கப் பார்த்தது. அதற்காகப் பாடுபட்ட இரண்டு மாதத்தில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. என்னைச் சந்தேகப்படாத ஆளும் இல்லை.

அப்போது நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். குடுவை கழுவுவது, குழாய் துடைப்பது, ஆசிரியர் கேட்ட போத்தலை எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. ஆனால் வெள்ளை மேலங்கி போடுவேன். ஒன்பது வருடம் வெள்ளை மேலங்கி போட்டவனுக்குத் தானும் ஒரு விஞ்ஞானி என்ற எண்ணம் தோலுக்குள் இறங்கிவிடும். எனக்கு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது.

இந்த நிலைமையில் என் பழைய வகுப்புத் தோழன் எட்வின் லீவில் வந்தான். அவன் நீர்கொழும்பில் அலங்கார மீன் பண்ணை ஒன்றில் வேலை செய்பவன். வரும்போது பொலித்தீன் பையில் ஒட்சிசன் அடைத்து, இரவு முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்தபடி ஒரு சோடி கோமாளி மீன் கொண்டுவந்து தந்தான். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட சின்ன மீன்கள். கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறவர்கள் உலகமெல்லாம் இதற்குத்தான் அலைகிறார்களாம். கடலில் பவளப்பாறைக்குள்ளிருந்து பிடித்துப் பிடித்துக் குறைந்துகொண்டு போகிறதாம். வீட்டிலேயே பெருக்கத் தெரிந்தவன் ராசாவாம்.

அதோடு என் காது அடைத்துக்கொண்டது. எட்வின் தொடர்ந்து பம்பு, வெளிச்சம், முட்டை பொரிக்கும் நாள் என்று என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். நான் அதற்குள் கட்டுநாயக்காவில் என் பெயர் ஒட்டிய பெட்டிகளை விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

“எல்லாம் தெரியும் மச்சான்” என்றேன். “வீடியோவிலை பாத்தனான்.”

பார்த்தது உண்மைதான். இருபது நிமிட வீடியோவை நாலு நிமிடத்தில் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

தொட்டி வைக்க எங்கள் வீட்டில் ஓர் அறைதான் மிச்சம் இருந்தது. அந்த அறையில் என் மனைவி வதனிக்கு ஏற்கனவே கண். அவள் விறாந்தையில் சின்னப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மழை அடித்தால் பிள்ளைகளும் கொப்பிகளும் நனையும். நான் அறையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, “மூண்டு தரம் முட்டை போடட்டும். மூண்டிலையும் குஞ்சு வராட்டி அறை எனக்கு. பிறகு ஒரு கதையும் இல்லை” என்றாள். மூன்றே தேவையில்லை, ஒன்றே போதும் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

கோப்பாயிலிருந்து கடல் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் எங்கள் கிணற்றுக்குள் அது வராது. ஆகவே குருநகரில் சூசையண்ணையைப் பிடித்தேன். அவர் படகில் வெளியே போய், தெளிந்த தண்ணீராகப் பார்த்து அள்ளி, நீலக் கான்களில் நிரப்பி, சனிக்கிழமை பொழுது படுகிற நேரம் ஓட்டோவில் கொண்டுவந்து இறக்குவார். முதல்நாள் கான்களை உள்ளே தூக்கிவைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றித் தொட்டியைப் பார்த்தார். “கடலிலை கிடக்கிற மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதுக்காகக் கடலையும் வீட்டுக்குக் கொண்டுவாறியள். நல்லது தம்பி” என்றார். அவர் என்னைப் பாராட்டுகிறார் என்றே நினைத்துக்கொண்டேன்.

பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு உணவும் தயார் செய்தேன். கோமாளி மீன் குஞ்சு பிறந்ததும் பெரிய சாப்பாடு சாப்பிடாது. தண்ணீரில் வாழும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியைத்தான் தின்னும். அந்தப் பூச்சிக்குத் தீனி ஈஸ்ட், பாண் போடும் அதே ஈஸ்ட். எட்வின் ஒரு போத்தல் பூச்சி தந்திருந்தான். அதைப் பெருக்குவதற்குப் பாடசாலையில் கழித்துவிட்ட குடுவைகளையும் றப்பர் குழாய்களையும் கொண்டுவந்தேன். யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, உள்ளே நீல விளக்குப் போட்டேன். குடுவைகள் இரவு பகலாகக் குமிழி விட்டன. அறை லேசாகப் புளித்து மணத்தது.

இந்தப் பந்தியை ஒரு பொலிஸ்காரராக உங்களை நினைத்துக்கொண்டு இன்னொருமுறை வாசித்துப் பாருங்கள். எனக்கு அன்றைக்கு அது தோன்றவேயில்லை.

மீன்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றின. தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த கூரை ஓட்டுத் துண்டில் ஒருநாள் காலை முட்டைகள் ஒட்டியிருந்தன. கடுகிலும் சிறிதாக, செம்மஞ்சள் நிறத்தில், முந்நூறு இருக்கும். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. கதிரையைப் போட்டு எதிரே இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். மீன்களில் சிறியது வாயாலும் செட்டையாலும் முட்டைகளுக்கு விசிறிக்கொண்டேயிருந்தது.

எத்தனை நாளில் பொரிக்கும்? இங்கேதான் என் விஞ்ஞானம் வேலை செய்தது. கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள். மீன் சிறியது. ஆகவே கொஞ்சம் குறைத்து, பதினைந்து நாள் என்று கணித்துக் கலண்டரில் வட்டம் போட்டேன். எட்வினைக் கேட்டிருக்கலாம். ஒன்பது வருடம் வெள்ளை மேலங்கி போட்டவன் யாரையும் கேட்க மாட்டான்.

ஆறாம், ஏழாம் நாளில் முட்டைகளுக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. அறுநூறு கண்கள் ஒன்றாக என்னைப் பார்த்தன. இனித் தலை, உடம்பு, வால் எல்லாம் வரவேண்டும், இன்னும் ஒரு கிழமை கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எட்டாம் நாள் இரவு வழமைபோல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் ஓடு வெறும் ஓடு. கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. குஞ்சும் இல்லை, கோதும் இல்லை.

பொரிக்க இன்னும் ஏழு நாள் இருக்க, முட்டை தானாகப் போகாது. ஆகவே களவு. ஆகவே கள்ளன் ஒருவன் இருக்கிறான். என் மூளை இவ்வளவு வேகமாக அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை.

முதல் சந்தேகம் சூசையண்ணைமேல் விழுந்தது. அந்தக் கிழமைதான் அவர் தொட்டிக்கு மேலே குனிந்து, உது எப்ப பொரிக்கும் என்று கேட்டிருந்தார். பக்கத்தில் போனபோது அவர் கையில் மீன் மணம் வேறு அடித்தது. (கடற்றொழிலாளியின் கையில் மீன் மணக்காமல் மல்லிகையா மணக்கும் என்று கேட்கிறீர்கள். அன்றைக்கு என்னை அப்படிக் கேட்க ஆளில்லை.) அடுத்த சனிக்கிழமை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மெல்ல வாயைக் கிண்டினேன். வீட்டில் மீன் தொட்டி ஏதும் வைத்திருக்கிறாரா என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“எனக்கு முன்னாலை கிடக்கிற கடல் காணாதோ தம்பி?” என்றார்.

நழுவுகிறார் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து கான்களைப் படலையடியிலேயே வாங்கிக்கொண்டேன். அவர் வாசலில் நின்று, உள்ளே ஆருக்கும் அம்மாளோ என்று விசாரித்தார். அம்மை என்றால் வீட்டுக்குள் ஆளை விடமாட்டார்கள்தானே. நான் பதில் சொல்லவில்லை. அதனால் குருநகரில் ஒரு கிழமை எங்கள் வீட்டுக்கு அம்மாள் வந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். வதனியின் தகப்பனார். சண்டிலிப்பாயில் தனியாக இருந்தவர், கண்புரை ஒப்பரேசன் செய்துவிட்டு, இரண்டு மாதம் மகளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். இளைப்பாறிய பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பேக்கரி, சாப்பாட்டுக் கடை, இறைச்சிக் கடை என்று நுழைந்து நுழைந்து, சந்தேகப்படுவதற்கென்றே முப்பத்திநாலு வருடம் அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவர். எங்கள் வீட்டுக் குசினிக்குள் வந்தாலும் முதலில் பானையின் மூடியைத் தூக்கி மணந்துவிட்டுத்தான் மகளைச் சுகம் விசாரிப்பார்.

வந்த அன்றே தொட்டியைக் காட்டினேன். எது ஆண், எது பெண் என்று கேட்டார். பெரியது பெண், சிறியது ஆண் என்றேன். (முதலில் மாறித்தான் நினைத்திருந்தேன். எட்வின் திருத்தினான்.) மாமா தலையாட்டினார். அதோடு விட்டிருக்கலாம். என் அறிவு விடவில்லை. பெண் செத்துப்போனால் இந்த ஆண் பெண்ணாக மாறிவிடும் என்றும் சொன்னேன்.

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய், தம்பி ராவிலை ஒழுங்காய் நித்திரை கொள்ளுறவரோ என்று வதனியிடம் விசாரித்திருக்கிறார்.

மீன்கள் இரண்டாம் தடவை முட்டையிட்டன. இந்தமுறை சூசையண்ணை வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. அறை வாசலின் உட்புறம் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவிவைத்தேன். கதவு இடுக்கில் என் தலைமயிர் ஒன்றை ஒட்டினேன். (அப்போது எனக்குச் செலவழிக்கத் தலைமயிர் இருந்தது.) எட்டாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிய, கதவைத் திறந்த அவசரத்தில் தலைமயிரைப் பார்க்க மறந்துவிட்டேன். ஓடு வெறும் ஓடு. ஆனால் பவுடரில் தெளிவான காலடி இருந்தது. குனிந்து அந்தத் தடத்தைப் பின்பற்றிப் போனேன். அது ஹோலைக் கடந்து, எங்கள் படுக்கையறைக்குள் நுழைந்து, என் கட்டிலடியில் கழற்றிவைத்திருந்த என் செருப்பில் போய் முடிந்தது.

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பான். நான், கள்ளன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான் என்று விளங்கிக்கொண்டேன். அப்படியென்றால் அவன் வீட்டுக்குள் இருக்கிறவன். வீட்டுக்குள் நான், வதனி, மாமா. மாமா படுக்கும் கட்டில் அந்த அறை வாசலுக்கு நேர் எதிரே ஹோலில். அன்று காலை இடியப்பம் வேண்டாம், வயிறு நிறைஞ்சு கிடக்கு என்று அவர் சொன்னதும் என் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அது உறுதியானது. வதனி மீன் குழம்பு வைத்திருந்தாள். உள்ளே சினை இருந்தது. மாமா மீன் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, அகப்பையால் துழாவித் துழாவிச் சினையை மட்டும் கோப்பைக்குள் எடுத்தார்.

“மீனிலை ருசி எண்டால் சினைதான் தம்பி. மிச்சமெல்லாம் முள்ளு” என்றார்.

ஒரு மனிதன் என் கண் முன்னாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், அதுவும் என் வீட்டுக் கோப்பையில். ஒப்பரேசன் முடிந்து பேப்பர் தலைப்பே வாசிக்க முடியாத மனிதர், இருட்டில், கடுகிலும் சிறிய முந்நூறு முட்டையைக் கண்டுபிடித்துச் சுரண்டித் தின்றார் என்பதை நான் ஒரு கணமும் ஐயப்படவில்லை. வதனியிடம் மட்டும் அன்று பின்னேரம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள். இன்னும் ஒரேயொரு தடவைதான் இருக்கிறது என்பதையும் ஞாபகப்படுத்தினாள். அடுத்த நாள் நான் பாடசாலையால் வரும்போது அந்த அறைக்குள் கரும்பலகை எங்கே வரும் என்று நாடாவால் அளந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது முட்டை போட்ட அன்று ஆமைப்பூட்டு வாங்கி அறையைப் பூட்டினேன். திறப்பை ஒருநாள் அரிசி வாளிக்குள், ஒருநாள் பிள்ளையார் படத்துக்குப் பின்னால், ஒருநாள் என் சப்பாத்துக்குள் என்று மாற்றி மாற்றி ஒளித்தேன். உள்ளே போகும்போதும் வரும்போதும் மாமாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாமாவும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். வாயால் மட்டும் நாங்கள் இருவரும் மிக மரியாதையாகக் கதைத்துக்கொண்டோம். சாப்பிட்டாச்சோ மாமா. ஓம் தம்பி, நீர் சாப்பிட்டீரோ.

அவர் பக்கத்துக் கதையைப் பிறகுதான் அறிந்தேன். ஒருநாள் சண்டிலிப்பாய்க்குப் போய்வர என் ஸ்கூட்டரில் ஏற்றிப் போனபோது, அவரது குடையை எடுக்க சீற்றைத் திறந்திருக்கிறேன். உள்ளே ஈஸ்ட் பைக்கற் பன்னிரண்டு இருந்தது. பொழுதுபட வரும் கான்கள், குமிழி விடும் குடுவை, றப்பர் குழாய், புளித்த மணம், கறுப்புத் துணி அடித்த யன்னல், இப்போது பூட்டு. முப்பத்திநாலு வருட அனுபவத்துக்கு இதில் பாதியே போதும். மீன் தொட்டி சும்மா கண்துடைப்புக்கு வைத்தது என்று மனிதர் முடிவு செய்துவிட்டார். ஆண் பெண்ணாக மாறும் என்று நான் சொன்னதைக்கூட, சரக்கை ருசி பார்த்த மயக்கத்தில் சொன்னது என்றே எடுத்துக்கொண்டாராம்.

மூன்றாவதின் எட்டாம் நாள் ஒரு சனிக்கிழமை. இரண்டு தடவையும் அந்த இரவில்தான் களவு போனது என்பதால், பின்னேரமே உள்ளே போய் முட்டைகளைப் பார்த்து, வெள்ளிக் கண்களை எண்ணமுடிந்த வரைக்கும் எண்ணி, அறையைப் பூட்டி, வாசலில் கதிரை போட்டு, வீடு கூட்டும் தும்புத்தடியோடு இருந்தேன். மாமா முழுக்கைச் சேட்டுப் போட்டுத் தலை இழுத்து, படலைக்கும் விறாந்தைக்குமாக நடந்துகொண்டிருந்தார். முட்டையோடு ஓடப் போகிறார் என்று தும்புத்தடியை இறுக்கிப் பிடித்தேன்.

ஏழு மணிபோல ஒரு ஜீப் வந்து நின்றது. ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரரும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் சூசையண்ணையின் ஓட்டோவும் கான்களோடு வந்து நின்றது. நான் என்ன நடக்கிறது என்று எழும்புவதற்குள் மாமா நேராக மெயின் சுவிட்சடிக்குப் போய் அதைக் கீழே இழுத்தார். வீடு முழுக்க இருண்டது. (சோதனைக்குப் போகும் இடத்தில் முதலில் மெயினை நிறுத்துவது அவருடைய பழைய பழக்கமாம்.) அறைக்குள் பம்பின் சத்தமும் நின்றது.

எனக்குப் பெரிய ஆறுதல். அதற்கு முதல்நாள் எட்வினுக்குப் போன் எடுத்து, இந்தமுறையும் போனால் பொலிசுக்குத்தான் போவன் என்று கத்திவிட்டு, அவன் வாய் திறக்க முன்னமே வைத்திருந்தேன். வதனி அதைக் கேட்டு, கணவன்மேல் இரக்கப்பட்டு, முறைப்பாடு கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டருக்கு நானே கதிரையைத் தூக்கிப் போட்டேன். அவர் இருக்கவில்லை. ரோச் லைற்றைப் பூட்டில் அடித்து, உள்ளே என்ன என்று கேட்டார்.

“முட்டை, சேர்” என்றேன்.

அவர், “எத்தனை நாளாக இது நடக்கிறது?” என்றார்.

“ரெண்டு மாசமா நடக்குது சேர். இது மூண்டாந்தரம்.”

“யார் செய்வது என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சேர். ஆள் இந்த வீட்டுக்குள்ளைதான் இருக்கிறார்.”

அவர் கொப்பியை எடுத்தார். இவ்வளவு சுலபமாக ஒப்புதல் தரும் ஒருவரை அவர் தன் சேவையில் கண்டிருக்கமாட்டார். பெயரைக் கேட்டார். நான் தும்புத்தடியை நீட்டினேன்.

“எங்கடை மாமா. எல்லாத்தையும் திண்டுபோடுறார் சேர்.”

மூன்று ரோச் லைற்றும் ஒன்றாகத் திரும்பி மாமாவின் முகத்தில் விழுந்தன. கறுப்புக் கண்ணாடியில் மூன்று வெளிச்சம். வேலிக்கு மேலால் ஏழெட்டுத் தலைகள் முளைத்திருந்ததை அப்போதுதான் கண்டேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின.

“நான்தான் அவையை வரச்சொன்னனான்” என்றார் மாமா. குரல் உயரவேயில்லை. “நான் முப்பத்திநாலு வருசம் பேக்கரி பேக்கரியா ஏறி இறங்கினனான். ஒரு இடத்திலை ஒரு பணிஸ் வாங்கித் திண்டதில்லை. என்னைப் பாத்துத் திண்டதெண்டு சொல்லுறீர்.”

வதனி குசினி வாசலில் மெழுகுதிரியோடு நின்றாள். “உங்களுக்கு விசரே அப்பா” என்றாள். எங்கள் ஊரில் மனைவி கணவனையும் அப்பா என்பாள், தகப்பனையும் அப்பா என்பாள். ஆகவே அது எனக்கா, மாமாவுக்கா என்று நாங்கள் இருவருமே ஒருவரையொருவர் பார்த்தோம்.

இதற்கிடையில் ஒரு பொலிஸ்காரர் ஓட்டோவில் இருந்த கானைத் திறந்து மணந்து, திருப்தியில்லாமல் கொஞ்சம் கையில் ஊற்றி வாயில் வைத்து, தூவெனத் துப்பினார். கடல் தண்ணி ஐயா, கூடக் குடிச்சால் வயித்தாலை போகும் என்று சூசையண்ணை பணிவாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பூட்டைத் திறக்கச் சொன்னார்.

திறப்பைக் காணவில்லை.

அன்று அதை எங்கே ஒளித்தேன் என்று எனக்கு நினைவே வரவில்லை. அரிசி வாளியைக் கவிழ்த்தார்கள். பிள்ளையாரை இறக்கினார்கள். சப்பாத்துகளை உதறினார்கள். வதனியின் மாணவர்களின் கொப்பிக் கட்டுகளைப் பிரித்தார்கள். வேலியில் நின்றவர்களில் இருவர் உதவிக்கு உள்ளேயே வந்துவிட்டார்கள். மெயினைப் போட்டுவிட்டுத் தேடுவோம் என்று வதனி சொன்னதற்கு, அறை திறக்கும் வரைக்கும் மெயினில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்று மாமா மறித்துவிட்டார். ஒரு மணித்தியாலம் அந்த இருட்டில் எல்லாரும் தேடினோம். கடைசியில் ஒரு பொலிஸ்காரர் என் உடம்பைத் தடவிச் சோதித்தார். திறப்பு காலையிலிருந்து கறுப்பு நூலில் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தோம். உள்ளே கும்மிருட்டு. இன்ஸ்பெக்டர் குடுவைகளில் அடிக்கப்போன வெளிச்சம் தொட்டியின் கண்ணாடியில் பட்டது.

தண்ணீருக்குள் என்னவோ அசைந்தது. தூசி என்று நினைத்தேன். தூசி வெளிச்சத்தைத் தேடி வராது. வெட்டிப் போட்ட வெள்ளி நூல்போல் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கண்ணோடு, அவை ரோச் லைற்றின் வட்டத்துக்குள் வந்து குவிந்தன. இன்ஸ்பெக்டர் வெளிச்சத்தை இடப்பக்கம் கொண்டுபோனார். எல்லாம் இடப்பக்கம் போயின. வலப்பக்கம் கொண்டுபோனார். எல்லாம் வலப்பக்கம். அவர் அதை நாலைந்து தரம் செய்தார். பின்னால் நின்ற சூசையண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். நான் அழுதேன் என்று வதனி இப்போதும் சொல்கிறாள். வியர்வை என்று நான் சொல்லிவருகிறேன்.

ஓட்டைப் பார்த்தேன். ஒரு முட்டை இல்லை. கழுவித் துடைத்த ஓடு. அதே எட்டாம் நாள், அதே வெறும் ஓடு. என் தலைக்குள் ஏதோ மெல்லப் புரளத் தொடங்கியது. அதற்குள் வெளியே யாரோ ஒருவர் நல்ல மனதோடு மெயினைப் போட்டுவிட்டார்.

பம்பு உறுமியது. குஞ்சுகள் கலைந்தன. கலைந்தவை ஒரு நூலாக நீண்டு, தொட்டியின் மூலையில் தண்ணீரை இழுக்கும் குழாயை நோக்கி வரிசையாகப் போகத் தொடங்கின. நாங்கள் எல்லாரும் அதை ஏதோ கோயில் ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றோம். புதுக்கண் போட்டிருந்த மாமாதான் முதலில் கண்டார்.

“நிப்பாட்டும் உதை” என்று கத்திக்கொண்டு பாய்ந்து, பிளக்கை இழுத்துப் பிடுங்கினார்.

பிறகு முழுக்கைச் சேட்டை மடித்தார். பம்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளேயிருந்த கடற்பஞ்சை எடுத்து ரோச் வெளிச்சத்தில் விரித்தார். அப்போது உள்ளே போன ஏழெட்டுக் குஞ்சு அதில் ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தன. மாமா பஞ்சை மூக்கடியில் பிடித்து மணந்தார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“உங்கடை ஆள் உதுக்குள்ளைதான்” என்றார்.

வாசலில் நின்றே எட்வினுக்குப் போன் எடுத்தேன். முட்டை ஏழு எட்டு நாளில், இருட்டிய கொஞ்ச நேரத்திலேயே பொரித்துவிடும், பம்பை நிறுத்தாவிட்டால் குஞ்சு முழுவதையும் அது இழுத்து அரைத்துவிடும், இதைத்தானே அன்றைக்கு உனக்கு மூன்று தரம் சொன்னேன் என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வேலியடிக்கும் கேட்டது.

இன்ஸ்பெக்டர் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று யோசித்தார். கடைசியில் ஒன்றும் எழுதாமல் மூடினார். போகும்போது, ஈஸ்ட் வாங்கினால் பில்லை வைத்திருக்கச் சொன்னார்.

மாமா அதற்குப் பிறகு ஒன்பது நாள் என்னோடு நேராகக் கதைக்கவில்லை. தேவையானதை வதனி மூலம் சொல்லி அனுப்புவார். ஆனால் குஞ்சுகளை விட்டுப் போகவில்லை. குடுவைகளுக்கு மெல்லிய துணி கட்டச் செய்தார். கை கழுவாமல் அறைக்குள் போகக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார். அது என்னை மட்டும் குறிப்பது என்பது எல்லாருக்கும் தெரியும். பத்தாம் நாள் நான் அவர் கட்டிலடியில் போய் நின்று, மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா என்றேன். அவர் கண்ணுக்குத் துளி மருந்து விட்டபடி, மேலே பார்த்துக்கொண்டே, நானும் உம்மைப் பிழையாத்தான் நினைச்சனான், ஆனால் என்ரை சந்தேகத்துக்காவது ஆதாரம் இருந்தது என்றார்.

சூசையண்ணையிடம் மன்னிப்புக் கேட்கக் குருநகருக்கே போனேன். எதற்கு என்று கேட்டார். நான் விளக்கமாகச் சொன்னேன். நான் சந்தேகித்தது அவருக்கு அதுவரை தெரியவே தெரியாது. சொல்லாமலே திரும்பி வந்திருக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முந்நூறில் பதினொரு குஞ்சுதான் தப்பி, பட்டி போட்டு, மீனாகின. மூன்றாந்தரம் குஞ்சு வந்துவிட்டதால் ஒப்பந்தப்படி அறை எனக்குத்தான். ஆனால் அந்த மாரி முதல் மழைக்கே பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் இருத்தியவன் நான்தான். வாயைத் திறந்து, அறை என்னுடையது என்று சொல்கிற நிலைமையில் அப்போது நான் இருக்கவில்லை. தொட்டி மாமாவோடு சண்டிலிப்பாய்க்குப் போனது. இப்போது அங்கே ஆறு தொட்டி இருக்கிறது. குஞ்சுகளை நீர்கொழும்புக்கு அனுப்புகிறார். எட்வின் இப்போது போன் எடுத்தால் அவரோடுதான் கதைப்பான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் குடுவை கழுவிக் கொடுக்கிறேன். அந்த வேலைக்கு எனக்கு அனுபவம் இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. அந்த இரண்டு மாதம் முடிந்து மாமா தன் வீட்டுக்குக் கிளம்பிய நாளன்று, படலையடியில் நின்று, என்னைக் கூப்பிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பல் வைத்தியரிடம் காட்டுவதுபோல் வாயை அகலத் திறந்து காட்டினார். “வடிவாப் பாத்துக்கொள்ளும் தம்பி. பிறகு கதை வரக்கூடாது” என்றார். அன்றிலிருந்து எப்போது வந்து போனாலும் அப்படித்தான். அதைப் பார்த்து மச்சாள் தொடங்கினாள். கனடாவிலிருந்து வந்த மச்சான், விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடும்போதும் வான் யன்னலுக்குள்ளால் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனான்.

போன மாதம் வதனியின் சித்தப்பா மகள் கலியாணம் முடித்த கையோடு கணவரைக் கூட்டிக்கொண்டு விருந்துக்கு வந்திருந்தாள். உடுவில் மாப்பிள்ளை, நல்ல அடக்கமான பிள்ளை. சாப்பிட்டுப் புறப்படும்போது படலையடியில் எல்லாரும் வரிசையாக நின்று எனக்கு வாயைத் திறந்து காட்டினார்கள். அவர் கொஞ்சம் தயங்கினார். இந்த வீட்டு வழக்கம்போலும் என்று நினைத்திருக்க வேண்டும். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டி, மிகுந்த மரியாதையோடு அவரும் என் முன்னால் வாயைத் திறந்தார்.

நான் குனிந்து, இரண்டு பக்கமும் வடிவாகப் பார்த்துவிட்டு, போகலாம் என்றேன்.